வார்டு பூங்கா முனையில் வரையாடு சிலை: பெரோசிமென்டா, ஃபைபரா?

சூலூர்க்காரன்

வணக்கங்க. கோவையில எங்க வார்டு பூங்காவோட முனை, பஸ் ஸ்டாப்பைப் பார்த்த மாதிரி, 4 மீட்டருக்கு 3 மீட்டர் சும்மா கிடக்குது. அங்கே ஒரு வரையாட்டுக் கிடாய் வைக்கலாம்னு குடியிருப்போர் சங்கத்துல முடிவு. மாநில விலங்கு, ஆனைமலையும் பக்கம், அதனால வேற யோசனை வரல. திமில்கிட்ட (கழுத்தும் முதுகும் சேர்ற மேடு) 1.5 மீட்டர் உயரம், பாறை மேல முன்னங்கால் ரெண்டையும் தூக்கி வெச்சு நிக்கிற மாதிரி ஒரு படம் போட்டுக் கொடுத்திருக்காங்க, இணைச்சிருக்கேன்.

ரெண்டு கொட்டேஷன் வந்திருக்கு. ஒண்ணு ஃபைபர், இன்னொண்ணு பெரோசிமென்ட், அதாவது கம்பியும் வலையும் கட்டி சிமென்டுல செய்யிற சுதை வேலை. ரெண்டுலயும் "சிலை ஒன்று, வர்ணத்துடன்" அப்படிங்கிற ஒத்த வரிதான். உள்ள என்ன கம்பி, எத்தனை மி.மீ. கனம், எதுவும் இல்லை.

தெரிஞ்சுக்க வேண்டியது:
எந்தப் பொருள் தாங்கும்? பூங்காவுல இருக்கிற மான், ஒட்டகச்சிவிங்கி எல்லாத்துக்கும் கால்தான் முதல்ல போகுது, கம்பி வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. அது ஏன்? பசங்க கண்டிப்பா ஏறுவாங்க, அதுக்கு என்ன பண்றது? மண்ணு கரிசல். கடைசியா, அனுமதி யார்கிட்ட வாங்கணும்?

சுதைமண்

பொருள் அப்புறம். முதலில் அந்தப் படத்தை மாற்றுங்கள்.

பெரிய கிடாய் திமிலில் ஏறக்குறைய 1 மீட்டர் உயரம். நீங்கள் கேட்பது ஒன்றரை மடங்கு. வெட்டவெளியில் நிஜ அளவு சின்னதாகத்தான் தெரியும் என்பதால் ஒன்றரை மடங்கு சரியான முடிவு. ஆனால் உருவம் 1.5 மடங்கு ஆகும்போது கன அளவு 3.4 மடங்கு ஆகிறது, காலின் குறுக்குவெட்டு 2.25 மடங்குதான் ஆகிறது. அதிலும் முன்னங்கால் இரண்டையும் தூக்கிவிட்டால் உடம்பின் எடையில் பெரும்பங்கு பின்னங்கால் இரண்டின் மேல் வருகிறது. பூங்கா மான்களுக்குக் கால் போவதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம், காலுக்குள் இரண்டு 8 மி.மீ. கம்பியை விட்டுச் சுற்றிலும் கலவையை அப்பிவிடுவது. மழைத் தண்ணீர் உடம்புக்குள் போய்க் குளம்பில் தேங்கும். கம்பி துருப்பிடித்தால் பருமன் கூடும், கலவை பிளக்கும், கணுக்காலில் உடையும்.

என் ஆலோசனை: படுத்திருக்கும் கிடாய். வரையாடு பாறை விளிம்பில் கால் மடக்கிப் படுத்து அசைபோடுவது நிஜத்தில் அடிக்கடி பார்க்கிற காட்சிதான். கால் பிரச்சினையே எழாது. நின்றே ஆகவேண்டும் என்றால் நாலு காலும் பாறையில் ஊன்றட்டும். பாறையையே வயிறு தொடும் வரைக்கும் உயர்த்தி உள்ளிருந்து ஒரு தாங்கு கொடுங்கள். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு அது பாறையாகத்தான் தெரியும்.

நிற்கும் உருவத்துக்குக் கணக்கு சொல்கிறேன், படுத்த உருவத்துக்கும் பெரிய வித்தியாசம் வராது. மேற்பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். சிமென்ட் ஓடு 30 மி.மீ. கனம். அப்படியானால் கலவை 0.15 கன மீட்டர், சேதாரத்தோடு 0.18. எடைக்கணக்கில் 1:2 கலவை என்றால் சிமென்ட் 120 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை, மூன்றாக வாங்குங்கள். மணல் 240 கிலோ. 10 மி.மீ. முறுக்குக் கம்பி 40 மீட்டர், அது 25 கிலோ. 6 மி.மீ. கம்பி 80 மீட்டர், 18 கிலோ. கால்களுக்கு 40 மி.மீ. ஜிஐ (துத்தநாக முலாம் பூசிய) பைப், பி கிளாஸ் (நடுத்தரக் கனம்), 8 மீட்டர். கோழி வலை அரை இஞ்ச் கண், 22 கேஜ், 4 அடி அகலம் 50 அடி நீளம் உள்ள ரோல் ஒன்றரை. எல்லாம் சேர்ந்து உருவம் 400 முதல் 450 கிலோ வரும், பாறை தனி. கொட்டேஷனில் இந்த எண்கள் வராவிட்டால் பேச்சை வளர்க்காதீர்கள்.

அடித்தளம். கரிசல் மழைக்கு வீங்கும், வெயிலுக்குச் சுருங்கும். 90 செ.மீ. தோண்டி மண்ணை அப்புறப்படுத்தி, கிராவல் போட்டு 15 செ.மீ.க்கு ஒரு அடுக்காகத் தண்ணீர் விட்டு இடித்து, அதன்மேல் 1.5 மீ. x 1 மீ., 30 செ.மீ. கனத்தில் எம் 20 தரக் கான்கிரீட். அதில் 16 மி.மீ. ஜே போல்ட் நாலு, மேலே 12 மி.மீ. பேஸ் பிளேட். கால் பைப்புகள் பாறையைத் துளைத்துக்கொண்டு இந்தப் பிளேட்டில் வந்து வெல்டிங் ஆகவேண்டும். பாறையின் மேல்தோலோடு நின்றுவிடக் கூடாது. இங்கேதான் வேலையைச் சுருக்குவார்கள்.

கம்பிக்கூடு. உடம்பைச் சுற்றி 20 செ.மீ.க்கு ஒரு 10 மி.மீ. வளையம், நீளவாக்கில் 10 செ.மீ.க்கு ஒரு 6 மி.மீ. கம்பி. வெல்டிங் பட்ட இடத்தில் ஜிஐ பைப்பின் துத்தநாகம் எரிந்து போயிருக்கும். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஜிங்க் பிரைமர் இரண்டு கை. கூட்டின் உள்பக்கம் இரண்டு, வெளிப்பக்கம் இரண்டு என வலை நாலு அடுக்கு, 10 செ.மீ.க்கு ஒரு முடிச்சாகக் கட்டுக்கம்பி. கையால் தட்டினால் வலை துள்ளக் கூடாது. துள்ளினால் கலவையும் துள்ளும், பின்னால் வெற்றிடம் நிற்கும், அந்த இடம் தட்டிப் பார்த்தால் பானைச் சத்தம் கொடுக்கும்.

கொம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 60 செ.மீ. நீளக் கொம்பில் ஒரு பையன் தொங்குவான். 40 கிலோ, அடியிலிருந்து அரை மீட்டர் தூரம். 12 மி.மீ. கம்பி அதற்கு வளைந்துவிடும், 16 மி.மீ. தாங்கும். கடைக்காரர் கணக்கில் 4 மி.மீ.தான் வித்தியாசம், வளையும் பலத்தில் இரண்டு மடங்குக்கு மேல். அந்தக் கம்பி மண்டையோட்டு வளையத்தோடு நிற்காமல் கழுத்து வழியாக இறங்கி முதுகுக் கம்பியைப் பிடிக்க வேண்டும்.

பூச்சு. பூச்சுக்கு விற்கிற பி-சாண்ட் வாங்கி, 2.36 மி.மீ. சல்லடையில் சலித்து, மாவு அதிகம் இருந்தால் கழுவிக் கொள்ளுங்கள். தண்ணீர் சிமென்ட் எடையில் 0.4 பங்கு, 50 கிலோ மூட்டைக்கு 20 லிட்டர். மேஸ்திரிக்கு இது கெட்டியாகத் தோன்றும், "இன்னும் கொஞ்சம் விடுங்க" என்பார். தண்ணீருக்குப் பதில் பிளாஸ்டிசைசர் (கலவையை இளக்கும் திரவம்) கொடுங்கள். முதல் கை: வயிற்றில் ஒரு வாசல் விட்டு, ஒருவர் அதன் வழியே கைவிட்டு உள்ளே பலகை பிடிக்க, வெளியிலிருந்து கட்டை விரலால் வலைக்குள் அழுத்த வேண்டும், கலவை மறுபக்கம் எட்டிப்பார்க்கிற அளவுக்கு. கரண்டியால் தேய்த்தால் வலையின் முதுகில் காற்று நிற்கும். கலவை இறுகுவதற்குள் கீறிவிட்டு, மறுநாள் சிமென்ட் பால் அடித்து இரண்டாம் கை. கடைசி 6 மி.மீ.இல் மயிர், மடிப்பு எல்லாம். வலைக்கு மேல் குறைந்தது 5 மி.மீ. மூடல் வேண்டும்.

கண், மூக்கு வழவழப்பாக வரவேண்டும் என்று உலர் சிமென்ட்டைத் தூவி மினுக்குவார்கள். மூன்று மாதத்தில் அங்கே சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடும். ஈர ஸ்பாஞ்ச் போதும்.

அடிவயிற்றில் மிகத் தாழ்ந்த இடத்தில் 20 மி.மீ. துளை இரண்டு, பாறையின் அடியில் நாலு. உள்ளே தண்ணீர் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், இரவுக் குளிரில் உள்சுவரே வியர்க்கும்.

ரெசின்வாளி

சுதைமண் அண்ணன் சொன்னதுல தப்பே இல்ல, ஆனா ஃபைபரை இவ்வளவு சீக்கிரம் ஓரங்கட்ட வேண்டாம். ஒரே உருவம் ஆறு ஏழு இடத்துல வைக்கணும்னாலும், கட்டடச் சுவர்லயோ நிழற்குடைக் கூரை மேலயோ வைக்கணும்னாலும் ஃபைபர்தான். அச்சு ஒருதரம் எடுத்தா போதும்.

இதே ஆடு 5 மி.மீ. கனத்துல: 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) கண்ணாடி நார் மேட் ஒரு அடுக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கொடுக்கும். ஆக 5 அடுக்கு, சேதாரத்தோட மேட் 12 கிலோ, ரெசின் 30 கிலோ. உள்ள இரும்புச் சட்டம் சேர்த்தா 70, 80 கிலோவுல முடியும். ரெண்டு பேர் தூக்கி வண்டில ஏத்திடலாம்.

அங்கதான் சிக்கலும். தூக்கிட்டுப் போகவும் ரெண்டு பேர் போதும். காத்துக்கும் அப்படித்தான். கோவைக்கு அடிப்படைக் காத்து வேகம் விநாடிக்கு 39 மீட்டர். பக்கவாட்டுல 1.3 சதுர மீட்டர் பரப்புன்னா தள்ளுவிசை கிட்டத்தட்ட 145 கிலோ. சென்னைல 50 மீட்டர், அங்க அதே ஆட்டை 240 கிலோ தள்ளும். ஆடு வெறும் 80 கிலோ. அதனால போல்ட் ஃபைபர்ல பிடிக்கக் கூடாது, உள்சட்டத்தைப் பிடிக்கணும். சட்டத்தை ஃபைபரோட ஒட்ட வைக்கிற இடத்துல மூணு அடுக்கு மேட் கூடுதலாப் போடணும். ஃபைபருக்கு நடுவுல ஓட்டை போட்டு நட்டு முடுக்கினா ஒரு வருஷத்துல ஓட்டை முட்டை வடிவமாயிடும்.

கொட்டேஷன்ல கேக்க வேண்டியது மூணே விஷயம். ரெசின் ஜிபியா (பொது ரகம்), ஐசோவா (ஐசோப்தாலிக் ரகம்)? வெளி வெயிலுக்கு ஐசோ. ஜெல்கோட் (மேல்தோலா நிக்கிற ரெசின் பூச்சு) இருக்கா? அச்சுக்குள்ள முதல்ல அரை மி.மீ. ஜெல்கோட் போகலைன்னா ரெண்டு கோடையில நார் வெளிய தெரியும், தொடுற பசங்க கை அரிக்கும். மேல டூ-கே (ரெண்டு பாகம் கலந்து அடிக்கிற) பாலியூரித்தேன் கிளியர் பூச்சு உண்டா?

பட்டறையில செய்றவங்களுக்கு ஒரு வார்த்தை. 35 டிகிரி வெயில்ல ஹார்டனர் (ரெசினைக் கெட்டியாக்குறது) 1 சதவீதத்துக்கு மேல போகாதீங்க. வாளியிலேயே கட்டியாகிப் புகையும், அவசரத்துல அடிச்ச பகுதி பின்னால விரிசல் விடும். கோபால்ட்டும் (ரெசின் இறுகுறதை வேகப்படுத்துறது) ஹார்டனரும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு கலக்கவே கூடாது, அது தீப்பிடிக்கும், வெடிக்கவும் வெடிக்கும். கோபால்ட்டை ரெசின்ல கலந்து முடிச்ச பிறகுதான் ஹார்டனர்.

சூலூர் நண்பருக்கு: தரையில, பசங்க ஏறுற உயரத்துல, ஒரே ஒரு உருவம். இதுக்கு நானும் சிமென்ட்தான் சொல்வேன். பக்கத்துல குப்பையைக் கொளுத்தினா ஃபைபர் பத்திக்கும், அதையும் நினைப்புல வைங்க.

புல்மேடு

நீங்கள் இணைத்த படத்தைப் பார்த்தேன். அது வரையாடு இல்லை. தாடி வைத்திருக்கிறார்கள், கொம்பில் முடிச்சு முடிச்சாகக் கணு போட்டிருக்கிறார்கள். அது இமயமலைப் பக்கத்து ஐபெக்ஸ். இணையத்தில் மலை ஆடு என்று தேடி எடுத்த படம் என்று நினைக்கிறேன். இந்தத் தவறு தமிழ்நாட்டுச் சுவர் ஓவியங்களில் கூட உண்டு.

வரையாட்டுக்குத் தாடி கிடையாது. கொம்பு முறுக்காது. அடியில் இரண்டும் நெருங்கி நின்று, ஒரே சீராகப் பின்னோக்கி வளைந்து, நுனியில் சற்றே விலகும். உள்பக்கம் தட்டை, வெளிப்பக்கம் உருண்டை. குறுக்கே நெருக்கமான சுருக்கங்கள் ஓடும், புடைப்புகள் இல்லை. பெரிய கிடாயில் வளைவோடு அளந்தால் 40 செ.மீ. அளவில் இருக்கும், பெட்டைக்கு அதைவிடக் குட்டை, மெல்லியது. ஆக உங்கள் அளவுக்கு 60 செ.மீ. சரி. அழகுக்காக ஒரு மீட்டர் என்று இழுத்தால் விலங்கும் மாறிவிடும், சுதைமண் ஐயாவின் 16 மி.மீ. கணக்கும் குலைந்துவிடும்.

உடம்பு வெள்ளாடு மாதிரி ஒல்லியாக வரக் கூடாது. கழுத்து தடித்தது, நெஞ்சு ஆழமானது, கால் குட்டை. கிடாய்க்குக் கழுத்தின் மேலும் திமிலிலும் விறைத்த குட்டைப் பிடரி. முதிர்ந்த கிடாயின் மேனி கரும்பழுப்பு, முதுகில் வெள்ளி நரை ஓடிய சேணம் போட்டது போன்ற திட்டு. கண்ணுக்கு முன்னால் நெற்றியிலிருந்து வாயோரம் இறங்கும் வெளிர் பட்டை, முன்னங்கால் முட்டியில் வெளிர் திட்டு. கண்மணி கிடைமட்டமான கீற்று. வட்டமாகப் போட்டால் நாய்ப் பார்வை வந்துவிடும். வால் குட்டை. குளம்பு இரண்டாகப் பிளந்தது, பாறையைப் பற்றும்போது விரியும். அந்த ஒரு விரிவைக் காட்டினாலே மலை வந்துவிடும்.

அளவுக்கு நிஜக் கொம்பு ஏற்பாடு செய்கிறேன் என்று யாராவது முன்வந்தால் உடனே மறுத்துவிடுங்கள். வரையாடு 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை விலங்கு, கொம்பை வைத்திருப்பதே குற்றம். கோவையிலேயே 1902 முதல் இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்துக்குச் சிற்பியைக் கூட்டிப்போய், பாடம் செய்த விலங்குகளில் தோல் எங்கே மடிகிறது, கொம்பு மண்டையில் எப்படி உட்காருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வால்பாறை மலைப்பாதை ஓரத்தில் நேரில் பார்த்துப் பக்கவாட்டுப் படங்கள் எடுக்கலாம். வண்டியை விட்டு இறங்கி நெருங்க வேண்டாம், தீனி போட வேண்டாம்.

இன்னொன்று. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறையில், பின்னங்காலால் மூக்கைச் சொறியும் ஒரு மான் இருக்கிறது. அதைப் பார்க்க நிற்காதவர் கிடையாது. வீரமாக நிமிர்ந்து நிற்கும் ஆட்டைவிட, படுத்து அசைபோட்டபடி பஸ் ஸ்டாப்பைத் திரும்பிப் பார்க்கும் ஆடு உங்கள் முனைக்குப் பொருந்தும். பலகையில் 'வரையாடு' என்பதோடு 'வருடை' என்ற சங்ககாலப் பெயரையும் எழுதுங்கள்.

சாலைக்கோடு

அனுமதி பற்றி. உச்ச நீதிமன்றம் 2013 ஜனவரி 18 அன்று பிறப்பித்த உத்தரவுப்படி, பொதுச் சாலை, நடைபாதை, அதன் ஓரம், பொதுப் பயன்பாட்டு இடங்களில் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக்கூடாது. தெரு விளக்கு, போக்குவரத்து வசதி, சாலை அழகுபடுத்தல் ஆகியவற்றுக்கு அதே உத்தரவில் விலக்கு உண்டு. விலங்கு உருவம் அழகுபடுத்தலில் வரும் என்று வாதிடலாம்தான். ஆனால் சாலை எல்லைக்குள் ஒரு அடி நீட்டினாலும் யாராவது வழக்குப் போட இடம் கொடுத்தது போலாகும். ஆகவே பேஸ் பிளேட் மட்டுமல்ல, கொம்பு நுனி வரை பூங்காவின் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே இருக்கட்டும். பூங்கா மாநகராட்சியுடையது என்றால் வார்டு உறுப்பினர் வழியாக மன்றத்தில் தீர்மானம், மண்டலப் பொறியாளரிடம் அடித்தள வரைபடம், பராமரிப்பு யாருடையது என்று எழுத்தில் ஒரு ஒப்பந்தம். எதிரே உள்ளது மாநில நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரு கடிதம்.

முனை என்பதால் பார்வை மறைப்பு முக்கியம். கார் ஓட்டுநரின் கண் தரையிலிருந்து 1.2 மீட்டரில் இருப்பதாகச் சாலை வடிவமைப்பில் கணக்கு. உங்கள் பாறையும் ஆடும் அந்த உயரத்தை அடைத்து நிற்கும். திரும்பும் வண்டிக்கு, கடக்கிற பள்ளிக்கூடப் பிள்ளை தெரியாமல் போகும். கட்டுவதற்கு முன் அதே அளவில் மூங்கில் தட்டி ஒன்றை நிறுத்தி, இரண்டு பக்கமும் இருசக்கர வண்டியிலும் காரிலும் வந்து பாருங்கள். ஒன்றரை மீட்டர் உள்ளே தள்ளினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

குழந்தைகள் ஏறுவதைத் தடுப்பது நடவாத காரியம், முள்வேலி போட்டால் உருவமும் கெடும். ஏறுவார்கள் என்றே வையுங்கள். விளையாட்டுக் கருவிகளுக்கான விதி இங்கே உதவும்: 9 செ.மீ.க்கும் 23 செ.மீ.க்கும் இடைப்பட்ட இடைவெளியில் குழந்தையின் தலை நுழைந்து சிக்கும். கொம்புகளுக்கு இடையே, கழுத்துக்கும் பாறைக்கும் இடையே, மடக்கிய காலுக்கும் வயிற்றுக்கும் இடையே டேப் வைத்து அளந்து, அந்த அளவு வரும் இடங்களை அடைத்துவிடுங்கள். கொம்பு கீழ்நோக்கி இறுகும் வி வடிவம் என்பதால், அடியில் விரல்கடை இடைவெளியைக் கூட நிரப்பிப் பிடரி மயிராகக் காட்டலாம். கொம்பு நுனியும் காது நுனியும் 15 மி.மீ. ஆரத்துக்குக் குறையாமல் உருண்டிருக்கட்டும். சுற்றி டைல்ஸ் வேண்டாம், 30 செ.மீ. ஆழத்துக்கு மணல்.

குழந்தைக்குச் சிலை என்றால் அளவைக் குறைப்பதும் ஒரு வழி. பாஸ்டன் பொதுப் பூங்காவில் நான்சி ஷோன் 1987இல் வைத்த வெண்கல வாத்தும் எட்டுக் குஞ்சுகளும் அப்படித்தான். தாய் வாத்தே ஒரு மீட்டருக்குள். உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு பளபளவென்று ஆகியிருக்கிறது. குஞ்சுகள் சில முறை திருடு போனதும் உண்டு. சின்ன உருவம் வைத்தால் கம்பியைக் கான்கிரீட்டுக்குள் வளைத்து விடுங்கள், நட்டு வெளியே தெரியவே கூடாது.

சூலூர்க்காரன்

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். படுத்த கிடாய்னு பேசி முடிச்சாச்சு, தாடியையும் எடுக்கச் சொல்லியாச்சு. இன்னும் ரெண்டு சந்தேகம். மேஸ்திரி 1:4 போதும், பூச்சு வேலை எல்லாம் அதுலதான் நிக்குதுங்கிறார். அப்புறம் பெயின்ட்: எனாமல் அடிச்சா மழைக்குத் தாங்கும்கிறார். சரிங்களா?

சுதைமண்

இரண்டுமே வேண்டாம்.

1:4 சுவர்ப் பூச்சுக்குச் சரி, பின்னால் செங்கல் இருக்கிறது. இங்கே அந்த ஓடுதான் சுவர். 1:4இல் மணலுக்கு இடையே துளைகள் மிஞ்சும், தண்ணீர் வலை வரைக்கும் போகும். 1:2 சுருங்கி விரிசல் விடும் என்று அவர் பயந்தால் அது நியாயமே. அதற்கு மருந்து மூட்டைக்கு ஒரு பாக்கெட் பாலிபுரொப்பிலீன் நார், நிழல் வலை, விடாத ஈரம். பூசிய இடத்தை இறுகியதும் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள், மறுநாளிலிருந்து 14 நாள் ஈரச் சாக்கு. படுத்த உருவத்தில் சாக்கு நிற்கும், கழுத்தில் நழுவும். கழுத்து காய்ந்து அங்கே மட்டும் விரிசல் விழுவது வாடிக்கை, துணியைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். வேலை பிப்ரவரிக்குள் முடியட்டும்.

எனாமல் எண்ணெய் பெயின்ட். புது சிமென்ட்டின் காரம் அந்த எண்ணெயைச் சோப்பாக மாற்றிவிடும், தோல் தோலாக உரியும். 28 நாள் விட்டு, காரம் தாங்கும் பிரைமர் ஒன்று, எக்ஸ்டீரியர் அக்ரிலிக் எமல்ஷன் இரண்டு. பளபளப்பு இல்லாத ரகம், பளபளத்தால் பொம்மை ஆகிவிடும். இதைவிட நல்லது, கடைசிக் கலவையிலேயே இரும்பு ஆக்சைடு கருப்பும் பழுப்பும் சேர்ப்பது. சிமென்ட் எடையில் 5 சதவீதம், மூட்டைக்கு 2.5 கிலோ. உலர் சிமென்ட்டோடு சலித்துக் கலக்க வேண்டும், தண்ணீரில் கரைத்து ஊற்றினால் திட்டுத்திட்டாக வரும். முதல் மழையில் வெள்ளை உப்புப் பூக்கும், தேய்த்துக் கழுவினால் போகும். பெயின்ட் உரிந்தாலும் உள்ளே ஆட்டின் நிறமே இருக்கும்.

பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். வலை கட்டி முடித்ததும் கலவை தொடுவதற்கு முன் நீங்களே போய்ப் பார்த்து, பேஸ் பிளேட், கொம்புக் கம்பி, வடிகால் துளை மூன்றையும் படம் எடுத்துக்கொண்ட பிறகு இரண்டாவது தவணை. பூசிய பின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாராலும் காட்ட முடியாது.

வருடம் ஒருமுறை, பருவமழை முடிந்து ஜனவரியில், மரச்சுத்தியால் தட்டிப் பாருங்கள். பானைச் சத்தம் வரும் இடத்தையும் துருக்கறை வழியும் இடத்தையும் சுண்ணாம்புக் கட்டியால் வட்டமிட்டு, 5 செ.மீ. கூடுதலாக வெட்டி எடுத்து, கம்பியைத் தேய்த்து ஜிங்க் பிரைமர், பிறகு பாலிமர் கலவை. அப்படியே மேலே பெயின்ட் அடித்து மறைத்தால் அடுத்த ஜனவரியில் வட்டம் இரண்டு மடங்கு.

முத்துநகர்

இடையில புகுந்ததுக்கு மன்னிக்கணும். தூத்துக்குடியில கடற்கரைச் சாலையைப் பார்த்த ஒரு பூங்காவுக்கு ஆவுளியா, அதாவது கடல் பசு, ஒண்ணு கேக்காங்க. 2.5 மீட்டர் நீளம். இதே முறை சரிப்படுமா? உப்புக் காத்துல இரும்பு எத்தனை நாள் தாங்கும்?

புல்மேடு

இணையப் படங்களில் பாதி மனாட்டியுடையது (ஆவுளியாவின் உறவு விலங்கு), கவனம். மனாட்டிக்கு வால் விசிறி மட்டை மாதிரி வட்டம். ஆவுளியாவுக்கு வால் ஓங்கிலை (டால்பின்) போல இரண்டாகப் பிரிந்து நடுவில் பள்ளம் விழுந்திருக்கும். மூஞ்சி தரையைப் பார்த்து மடங்கியது, கடற்புல்லைப் பிடுங்கித் தின்ன. துடுப்பில் நகம் இல்லை. பாக் விரிகுடாவில் 2022இல் 448 சதுர கி.மீ. பரப்பைக் கடல் பசுப் பாதுகாப்பகமாக அறிவித்த மாநிலம் இது. இங்கே மனாட்டியை வைத்துவிட்டால் பார்க்கிற மீனவரே சிரிப்பார்.

சுதைமண்

முறை அதேதான், நாலு மாற்றம்.

கலக்கும் தண்ணீர் லாரித் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, ஊற்று உப்பாக இருந்தால் தொடாதீர்கள். கம்பியுள்ள கான்கிரீட்டுக்குத் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் போகக் கூடாது என்பது ஐஎஸ் 456, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி. ஈரம் காட்டும் தண்ணீருக்கும் அதையே பின்பற்றுங்கள். மணலைக் கடல் பக்கம் குவிக்காதீர்கள். சிமென்ட், ஸ்லாக் (இரும்பாலைக் கசடு) கலந்த பிஎஸ்சி ரகம், உப்பு உள்ளே இறங்குவதை அது தாமதப்படுத்தும். 10 மி.மீ. கம்பிக்கு மேல் மூடல் 20 மி.மீ., ஆகவே ஓடு 45 மி.மீ. ஆகும், எடையும் அதற்கேற்ப ஏறும். வலை, வெறும் முலாம் பூசியது கூடாது, உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது கேளுங்கள். கட்டுக்கம்பியைக் கறுப்புக் கம்பியாக விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நல்லதாகப் போடுவது வழக்கமான கோட்டை விடல். முதலில் துருப்பிடிப்பது அந்த முடிச்சுகள்தான்.

வாலைக் காற்றில் தூக்கி விடாதீர்கள். மணல் திட்டின் மேல் படிய வையுங்கள்.

நிறத்துக்கு பெயின்ட்டை நம்ப வேண்டாம். சிங்கப்பூர் மெர்லயன் (சிங்கத் தலை, மீன் உடம்பு) 8.6 மீட்டர், 70 டன், லிம் நாங் செங் செய்து 1972இல் வைத்த சிமென்ட் உருவம். அதன் தோலுக்குப் பீங்கான் தட்டுகளையும் கண்ணுக்குச் சிவப்புத் தேநீர்க் கோப்பைகளையும் பதித்தார்கள். உங்களுக்கும் உடைந்த டைல்ஸ் பதிப்பு பொருந்தும்: சாம்பல், பழுப்பு, வயிற்றில் வெளிர். ஓரங்களைத் தேய்த்து மழுக்கிய 3 செ.மீ. துண்டுகள். கண்ணாடி போல் முழுக்க மூடிய விட்ரிஃபைட் வகையில், தண்ணீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்குள். பாலிமர் சேர்ந்த டைல் பசை, இடைவெளிக்கு எபாக்சி கிரவுட். சாதாரண வெள்ளை சிமென்ட் கிரவுட் போட்டால் உப்பு அந்தக் கோடு வழியாகவே உள்ளே போகும்.

கிரானைட்டிலும் விலை கேட்டுப் பாருங்கள். விலங்குகளின் உடம்பு ஏறக்குறையத் தண்ணீர் அடர்த்தி, அதனால் விலங்கின் எடையை 2.7ஆல் பெருக்கினால் நிஜ அளவுக் கல்லின் எடை. 400 கிலோ ஆவுளியா என்றால் 1.1 டன், கீழே விடும் திட்டுக்கல் தனி. ஏற்றி இறக்க கிரேன் வேண்டும், துரு என்ற பேச்சே கிடையாது.